எஞ்சினுக்கு ஒரு குடம்

சுனாமிக்கு மறு வருஷம் அனுமந்தையில் எங்களுக்கு நிவாரணமாக ஃபைபர் படகும் எஞ்சினும் கிடைத்தன. ஓடும்போது எஞ்சின் கடல்தண்ணீரை உறிஞ்சி, சூடு தணித்துக்கொண்டு, பின்பக்க ஓட்டை வழியாகப் பீய்ச்சியடிக்க வேண்டும். சில மாதங்களிலேயே அந்தத் தண்ணீர் வெறுமனே சொட்டியது, எஞ்சின் கொதித்தது.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் புரொப்பெல்லரை மாற்றினார்கள். எஞ்சினை ஏற்றி மாட்டினார்கள், இறக்கி மாட்டினார்கள். மறுபடி பழைய புரொப்பெல்லரையே போட்டார்கள். கரையில் போகிறவன் வருகிறவனெல்லாம் யோசனை சொன்னான். விற்க மீனில்லாமல் என் கூடை காய்ந்தது.

கடைசியில், முதல்முதலாக எஞ்சினை மாட்டிக்கொடுத்த மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்துக் கத்தினார்: “உள்ள பூரா உப்பு! மரக்காணம் உப்பளத்துல கூட இவ்ளோ வெளையாதுபா. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி விட்டுக் கழுவச் சொன்னேனா இல்லியா?”

“இவ தண்ணி குடுத்தாத்தானே!” என்று என்னைக் கைகாட்டினார் வீட்டுக்காரர். கேட்டிருந்தால்தானே கொடுப்பதற்கு!

கிணறெல்லாம் உப்பாகிப்போய், லாரித் தண்ணீருக்கு நான் தினமும் வரிசையில் நின்று இடுப்பொடிந்த காலம் அது. மறுநாள் லாரி வந்ததும் முதல் ஆளாக நின்றவர் இவர். கல்யாணமான நாளிலிருந்து எனக்காகத் தூக்காத குடத்தை எஞ்சினுக்காகத் தூக்கிக்கொண்டு போனார்.