அக்கிக்குக் காவி

ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கடைசி அறைக்கு மாற்றிய அன்றே வெளியே தாழ்ப்பாள் போடத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே அவன் மட்டுமல்ல, துணைக்கு இருந்த நானும்தான். காபி வாங்கப் போவதென்றால்கூடக் கதவைத் தட்டி ஆயாவைக் கூப்பிட வேண்டும். எண்பதுகளின் கடைசியில் திருச்சியில் எய்ட்ஸ் என்பது பேப்பரில் படிக்கிற வியாதி. அது உறையூரில் எங்கள் வீட்டுக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்? அக்கம்பக்கத்தில் டிபி என்று சொல்லிவைத்தோம். அது பொய்யும் இல்லை, டிபியும் இருந்தது. வாயெல்லாம் வெள்ளை படர்ந்து கஞ்சி இறங்கவில்லை. வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை.

"உடம்புக்குக் காவலே இல்லாம போச்சு. எது வேணும்னாலும் உள்ள வரும். ஆனா இந்த வியாதி தொட்டா ஒட்டாது, பயப்படாதீங்க," என்றார் டாக்டர். அதை வாசற்படியில் நின்றுதான் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்? நீளக் கரண்டியால் கஞ்சி ஊட்டினேன், விரல் அவன் உதட்டில் படாமல்.

இரண்டு வருஷம் முன்பு, அவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, விலாவில் அக்கி வந்தது. ஸ்ரீரங்கத்தில் பானை செய்யும் வேளார் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றி விரலால் எழுதி, முதுகில் ஒரு சிங்கமும் போட்டார். சில நாளில் காய்ந்தது. சனி விட்டது என்று இருந்துவிட்டோம். உள்ளே இருந்த வியாதி அப்போதே தலைகாட்டியிருக்கிறது என்பது ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது முதுகில் மறுபடி அக்கி.

"அந்த வேளாரைக் கூட்டிட்டு வாடா," என்றான் அண்ணன். "அக்கிக்காக இல்லடா. இங்க வந்ததுலேர்ந்து கிளவுஸ் இல்லாம யாரும் என்னைத் தொடல."

ஆயா கதவைத் திறந்துவிட, பஸ் ஏறிப் போனேன். காவிரிப் பாலத்தில், இறங்காமல் இப்படியே எங்காவது போய்விடலாமா என்று தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

வேளாரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் சக்கரத்தை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு காவிக்கட்டியைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.

"எனக்கும் புள்ளகுட்டி இருக்கு தம்பி. கூடப்பொறந்தவர்தானே, நீங்களே எழுதுங்க."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

திரும்பி வந்து காவியைக் குழைத்தேன். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. விரல் பட்டதும் அவன் உடம்பு சிலிர்த்தது. முதுகெலும்பு கணுக்கணுவாகக் கையில் தட்டியது. சிங்கம் வரவில்லை, பூனை மாதிரி ஏதோ வந்தது. சொன்னேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தான்.

எழுதி முடித்து மூலையில் இருந்த குழாயைத் திறந்தேன். சோப்புப் போட்டு ஒருமுறை, இன்னொருமுறை, பிறகும் ஒருமுறை. காவி முதல் தடவையே போய்விட்டிருந்தது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் திரும்பாமலே சொன்னான், "நல்லா கழுவிக்கடா."