நோட்டட் சார்

திண்டிவனத்தில் டாக்டர் நெடுஞ்செழியன் கிளினிக் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘ஒரே ஊசி டாக்டர்’ என்று சொல்லிவிட்டால் போதும், உடனே ஏறி உட்காரச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரை அவர் சும்மா வாங்கவில்லை. காய்ச்சல், உடம்புவலி, இருமல், மாமியாரோடு சண்டை போட்டு வந்த தலைவலி, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே ஊசிதான். காய்ச்சல் மருந்தோடு கொஞ்சம் ஸ்டீராய்டையும் கலந்தது. காலையில் தோளில் சாய்த்துக் கூட்டிவந்த ஆள் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுவான். காய்ச்சல் இறங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே நோய் இறங்கியதா என்று யார் பார்த்தார்கள்?

டாக்டரின் வீடு விழுப்புரத்தில். தினமும் காரில் திண்டிவனம் வருவார். ஓட்டுவது ராஜாமணி, விக்கிரவாண்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன். டாக்டருக்கு அவனைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தினால்கூட, “எங்க சாரு கை வச்சா போதும், ஜல்தியா எழுந்து உக்காந்துடுவான்” என்று யாரிடமாவது அளந்துகொண்டிருப்பான். டாக்டர் காதில் விழாததுபோல ஜன்னல் பக்கம் பார்ப்பார். உச்சி குளிர்ந்துபோவதை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

கொரோனா வந்ததும் அவருக்கு இன்னொரு பெருமை சேர்ந்தது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் தனியார் டாக்டர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. சங்கச் செயலாளர் என்ற முறையில் அதற்கு அட்மின் அவர்தான். மேலே சுகாதாரத் துறையிலிருந்து வரும் புதிய வழிமுறைகளை அவர் குழுவில் போடுவார். யாரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், யாரை உடனே அனுப்ப வேண்டும், எந்த மருந்து வேண்டாம் என்று பக்கம் பக்கமாக வரும். போட்ட மாத்திரத்தில் பதில்கள் கொட்டும். ‘நோட்டட் சார்’, பின்னால் ஒரு கும்பிடு. இன்னொரு ‘நோட்டட் சார்’, இன்னொரு கும்பிடு. கோப்பைத் திறக்கவே இரண்டு நிமிஷம் ஆகும். இவர்கள் கும்பிடு அதற்கு முன்பே வந்து நிற்கும். அதற்குள் யாருக்காவது பிறந்தநாள் வந்துவிட்டால் தீர்ந்தது. கேக்குக்கும் பூங்கொத்துக்கும் அடியில் சுகாதாரம் புதைந்துபோகும். படித்துப் பட்டம் வாங்கிய கூட்டம் இது. கல்யாண மொய்யைக்கூட இதைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள்.

இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோது அந்த அறிவிப்பு வந்தது. ஆக்சிஜன் நன்றாக இருப்பவர்களுக்குக் காய்ச்சலின் ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள், காய்ச்சல் அடங்கியதுபோலத் தெரியும், நோய் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், கெடுதல்கூட நேரலாம் என்று தெளிவாக இருந்தது. டாக்டர் நெடுஞ்செழியன் அதைக் குழுவில் போட்டதோடு நிற்கவில்லை. எல்லோரையும் செல்போன் திரையில் கூட்டிவைத்து வாய் கிழிய விளக்கினார். “நம்ம பக்கம் இந்த ஊசிப் பழக்கம் ஜாஸ்தி. கண்டிப்பா நிறுத்தணும். நாமதான் மக்களுக்கு எடுத்துச் சொல்லணும்” என்றார். அன்றைய கூட்டத்தில் மட்டும் சேர்ந்திருந்த, அரசு மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த இளம் டாக்டர் சங்கவி அவர் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கிளினிக்கில் மேல்மலையனூர் கோயில் அமாவாசைபோலக் கூட்டம். நர்ஸ் இருதயமேரி மெதுவாகக் கேட்டாள்.

“சார், நேத்து நீங்க பேசினதை வெளிய இருந்து கேட்டுக்கினு இருந்தேன். இனிமே நம்ம ஊசி போடறதா வேணாமா?”

“அதெல்லாம் ஏசி ரூம்ல உக்காந்துகினு எழுதறவங்க பேசறது மேரி. ஊசி இல்லன்னா இந்த ஜனம் எதிர்ல இருக்கிற சேரன்கிட்ட போயிடும். நீ பாட்டுக்குப் போடு.”

அவள் பாட்டுக்குப் போட்டாள். எதிர் வரிசையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் சேரனும், முந்தின நாள் எல்லோருக்கும் முன்னால் ‘நோட்டட் சார்’ போட்டவர், தன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ராஜாமணி வண்டி ஓட்டும்போதே இருமினான். முகக்கவசம் தாடையில் தொங்கியது. டாக்டருடையதும் அப்படித்தான், யாரும் பார்க்காத இடத்தில் அது அங்கேதான் இருக்கும். கிளினிக் வந்ததும் ராஜாமணி தானாகவே உள்ளே போய்ச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுடைய சாருடைய ஊசிதான் அவனுக்குக் கோயில் பிரசாதம். மறுநாள் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். “பாத்தீங்களா சார்? இன்னா கொரோனா, ஒரே ஊசி, ஓடிப்போச்சி!” அடுத்த நாள் சொந்தக்காரர் வீட்டுக் கிணறு வெட்டுக்குப் போய் நின்றான். அதற்கு மறுநாள் காய்ச்சல் மறுபடி எட்டிப் பார்த்தது, இன்னொரு ஊசி. சோதனை செய்யச் சொல்லி அவனை யாரும் அனுப்பவில்லை, விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்க்கவில்லை. நன்றாகத்தானே இருக்கிறான், என்ன பார்ப்பது?

பிறகு டாக்டருக்கே காய்ச்சல் வந்தது.

மாடி அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சோதனைக்குக் கொடுத்தார். நல்ல கருவியாக வாங்கிவரச் சொல்லி, மணிக்கொரு தரம் விரலில் மாட்டிப் பார்த்தார். அத்தனை நாள் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்ட அறிவிப்புகளைத் திறந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிக்கு வரி படித்தார். இருதயமேரி போன் செய்தாள்.

“சார், நான் வேணா வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போகட்டுமா?”

“ஐயோ, வேணாம் வேணாம்! மாத்திரை போதும். இப்ப அதைப் போடவே கூடாது.”

“சரிங்க சார்” என்று வைத்துவிட்டாள். ஆக, மனிதருக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் தெரிந்திருக்கிறது. தன் உடம்பு என்று வந்ததும் அந்த அறிவு சொடக்குப் போடும் நேரத்தில் வந்து நின்றிருக்கிறது. அடுத்தவன் உடம்புக்கு மட்டும் அதற்கு வழி தெரியவில்லை. இதற்கு முட்டாள்தனம் என்று பெயர் வைத்தால் முட்டாள்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ராஜாமணி மூச்சு இழுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. வார்டிலிருந்து டாக்டர் சங்கவி பேசினாள்.

“சார், உங்க டிரைவர் இங்க இருக்காரு. ரொம்ப மோசமா இருக்கு. காய்ச்சல் வந்த உடனே ஏதாவது ஸ்டீராய்டு போட்டாங்களா? எந்த நாள்ல இருந்துன்னு தெரிஞ்சா எனக்குக் கணக்குப் புரியும். ஊசி, ஊசின்னுதான் சொல்றாரு, மேல பேச முடியல.”

டாக்டர் நெடுஞ்செழியனுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அவன் உயிருக்கு உதவினாலும் உதவியிருக்கும்.

“காய்ச்சலுக்குச் சாதா ஊசிதாம்மா. ஸ்டீராய்டெல்லாம் நான் தொடறதே இல்ல.”

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு சார். அன்னிக்கு அவ்வளவு தெளிவா சொன்னவராச்சே நீங்க” என்றாள் அந்தப் பெண், மரியாதையாக.

ராஜாமணி பிழைக்கவில்லை. சுற்றிக் கட்டிக் கொண்டுவந்த உடம்பை அவன் மனைவி சின்னபொண்ணு தூரத்தில் நின்று பார்த்தாள். டாக்டர் மாத்திரை, கஷாயம், நல்ல ஓய்வு என்று தேறி எழுந்தார். குழுவில் அவருக்கு வாழ்த்து குவிந்தது. அவரும் ஒரு கும்பிடு போட்டார்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய சமயம், ஒரு காலையில் சின்னபொண்ணு கிளினிக்குக்கு வந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. வரிசையில் இருந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். ஊர் முழுக்க ராஜாமணியைத் தெரியும்.

“சார், அவருக்குப் போட்டீங்களே, அதே ஊசியப் போடுங்க. அதைப் போட்டப்புறம் ஒரு நாளு நல்லா சிரிச்சிக்கினு இருந்தாரு. அந்த ஒரு நாளுதான் எங்களுக்கு மிச்சம்.”

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஊசி வேணாம்மா. மாத்திரை எழுதித் தர்றேன். போய் டெஸ்ட் எடுத்துக்கினு வா.”

“ஏன் சார்? அவருக்கு மட்டும் போட்டீங்க?”

ஏன் என்று சொல்லலாம். உன் புருஷனுக்குப் போட்டிருக்கக் கூடாது, தெரிந்தே போட்டேன் என்று சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள். ஆனால் வெளியே வரிசை காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. இருதயமேரி சுவரோரம் நின்று அவரையே பார்த்தாள்.

“சொன்னா கேக்கணும். நான் டாக்டரா, நீ டாக்டரா?”

சின்னபொண்ணுவின் முகம் சுண்டிப்போனது. “அவரு வண்டி ஓட்டற வரைக்கும்தான் சார் நாங்க உங்களுக்கு. அவரு பூட்டாரு, எங்களுக்கு ஊசியும் பூட்ச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் தெருவைக் கடந்து எதிரே டாக்டர் சேரன் கிளினிக்கில் ஏறியதை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள்.

டாக்டரும் எழுந்தார். கதவு வரை வந்தார். நாலு எட்டு வைத்தால் எதிர்க் கிளினிக். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். செல்போனை எடுத்து, பழைய அறிவிப்பைத் தேடிப் பிடித்து, ‘அனைவரும் கண்டிப்பாகப் பின்பற்றவும்’ என்று மேலே எழுதிக் குழுவில் மறுபடி போட்டார்.

உடனே பதில் வந்தது. முதல் ஆள் டாக்டர் சேரன். ‘நோட்டட் சார்’, பின்னால் ஒரு கும்பிடு.

எதிரே படி இறங்கிக்கொண்டிருந்த சின்னபொண்ணு ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.