கல்லுக்குத் தேன் பூசப் போன கிளிநொச்சிப் பயணம்

ஒரு கருங்கல்லை எவ்வளவு அழுத்தினால் அதற்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எல்லாம் மூடும்? எனக்குத் தெரியாது. அவை மூட மூட ஒலி கல்லுக்குள் விரைவாக ஓடும் என்பது மட்டும் தெரியும். அந்த வேகத்தை அளக்கத்தான் பெப்ரவரியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போனேன். அங்குள்ள ஆய்வுகூடம் ஒன்றில், கொங்கிறீட்டை நொறுக்கிப் பார்க்கும் பொறியை இரண்டு நாளுக்குத் தந்திருந்தார்கள். குறுக்கலை என்ற, கல்லைப் பக்கவாட்டில் அசைத்தபடி ஓடும் ஒருவகை ஒலியை அழுத்தத்தின்கீழ் பிடிக்க இரண்டு வருடம் முயன்று தோற்றிருந்தேன். இம்முறையும் வராவிட்டால் ஆய்வைக் கைவிடுவதென்று முடிவு.

காலை 6.15 பஸ். எண்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. இடப்பக்கம் இருந்தால் வெயில் படாது.

ஆய்வுகூடத்தில் பையைத் திறந்தால், உணரியைக் கல்லோடு ஒட்டும் பசையைக் காணவில்லை. வீட்டு மேசையில் விட்டுவிட்டேன். கெட்டியான தேனும் உதவும். விமலன் என்பவரின் ஓட்டோவில் முறிகண்டிப் பக்கம் ஒரு வீதியோரக் கடைக்குப் போனேன்.

"கல்லுக்குப் பூசவோ? அக்கா, வெயில் தலைக்கு ஏறிட்டுதோ?" என்றார் விமலன்.

திரும்பிவந்து பூசினேன். குறுக்கலை வரவில்லை. தண்ணீர்த்தன்மையுள்ள எதையும் அது கடக்காது. தேனில் தண்ணீர் கலந்திருக்கிறது. என்னைவிட விமலனுக்குத்தான் கோபம். மறுபடியும் கடைக்கே கொண்டுபோனார்.

"என்ர தேனில தண்ணியோ? உங்கட மெசின் பிழை!" என்றார் கடைக்கார அம்மா.

"மெசினுக்கு உங்களோட என்ன கோவம், அன்ரி?" என்றேன்.

அந்த அம்மா மேசைக்குக் கீழிருந்து, கடதாசி சுற்றிய போத்தலொன்றை எடுத்தார். "இது வீட்டுக்கு வச்சது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பிற்பகலில் திரையில் குறுக்கலை எழுந்தது. வளிமண்டல அழுத்தத்தின் எண்ணூறு மடங்குவரை ஏற்றினேன். வேகம் செக்கனுக்கு 2.8 கிலோமீற்றரிலிருந்து 3.3 வரை படிப்படியாக ஏறியது.

"வந்திட்டுதோ?" வாசலில் விமலன்.

"ஓம், வந்திட்டுது."

"அப்ப தேன் சுத்தம்!"

போகிறவர்களுக்கு: ஓட்டோக் கூலியை ஏறமுன் பேசுங்கள். தேன் வாங்கினால் வீட்டுப் போத்தலைக் கேளுங்கள். ஒரு தடவை வந்த அளவீட்டை நம்பாதீர்கள். நானும் அன்றிரவு நம்பவில்லை.

மறுநாள் அதே பாறையின் இன்னொரு துண்டை வைத்தேன். ஒவ்வொரு அழுத்தத்திலும் முதல்நாள் வேகமே வந்தது. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பத்தரை மணிக்குப் பொறியை நிறுத்தி, ஆளில்லாத அந்த அறையில் சத்தமாகச் சிரித்தேன்.