திருத்திக்கொள்ள ஒரு மணி நேரம்

அடுத்தவர் சொன்ன சொல்லுக்குக் காவல் இருப்பதுதான் என் தொழில். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. எங்கேயாவது ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கோ பேஸ்புக் பக்கத்துக்கோ அட்மினாக மாட்டிக்கொண்டு முழிப்பவராக இருந்தால் நீங்களும் என் இனம்தான், பக்கத்தில் வந்து உட்காருங்கள். பகலில் எனக்குப் பண்டாரவளையில் ஒரு சின்னக் கடை. போன் பழுது பார்ப்பேன், போனுக்குக் காசு ஏற்றி ரீலோட் போடுவேன். மற்ற நேரமெல்லாம், இலங்கை மலையகத்து ஊவாத் தேயிலைத் தோட்டங்களை விட்டுப் போனவர்களும் போகாதவர்களும் எழுதுகிற ஒரு இணையக் களத்துக்கு மட்டுறுத்துநர், அதாவது அட்மின். வீட்டில் ஆள் இல்லாதவனுக்கு ஏற்ற வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அங்கே தீராத சண்டை ஒன்றே ஒன்றுதான்: எழுதியதைப் பிறகு திருத்த விடலாமா, கூடாதா.

பழனியாண்டிக்கு அஞ்சலி

ஆரம்பத்தில் களத்தில் திருத்த வழியே இல்லை. எழுதினால் எழுதியதுதான். எங்கள் தோட்டங்களில் ஒரே பெயரில் மேல் டிவிசனில் ஒருவர், கீழ் டிவிசனில் ஒருவர் இருப்பது சாதாரணம். கீழ் டிவிசன் பழனியாண்டி தவறிவிட்டார் என்று கொழும்பிலிருந்த ஓர் உறுப்பினருக்குத் தகவல் போயிருக்கிறது. அவருக்குத் தெரிந்த பழனியாண்டி மேல் டிவிசன்காரர். அவர் படத்தைப் போட்டு அஞ்சலி எழுதிவிட்டார்.

கண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவர் தன்னைத் தோளில் தூக்கி ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டதை ஒருவர் எழுதினார். காமன் கூத்தில் அவர் ரதி வேசம் கட்டினால் பெண்களே பொறாமைப்படுவார்கள் என்று இன்னொருவர் எழுதினார். சாயங்காலம் பழனியாண்டியே மகளின் போனில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறார். நான் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க, இருக்கட்டும். நல்லா இருக்கையில என்னைய ஒருத்தரும் ஒரு வார்த்த விசாரிக்கல. இதையாவது வச்சுக்கிறேன்" என்றார்.

கல்யாணத்துக்கு வராதீர்கள்

இனிமேல் இப்படி நடக்கக்கூடாது என்று திருத்தும் பொத்தானைத் திறந்துவிட்டேன். யாரும் எப்போதும் எதையும் திருத்தலாம். அதில் வந்தது அடுத்த வினை. கொழும்பில் தங்கி வேலை செய்யும் மடுல்சீமைக்காரர் ஒருவர், மழைக்காலத்தில் ஊருக்குப் புறப்படுமுன் "ரோடு எப்படி இருக்கு, பஸ் மேல வருதா?" என்று கேட்டிருந்தார். நம் ஆட்கள் நல்லெண்ணத்தோடு பதில் எழுதினார்கள். "தயவுசெய்து வராதீங்க." "போன தடவ வந்து பட்டது போதும்." "வந்தா நடந்துதான் திரும்பணும்."

சில மாதம் கழித்து அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. புதுப் பதிவு போடுவது எப்படி என்பதே மறந்துபோன மனிதர், பழைய கேள்வியை அழித்துவிட்டு அதே இடத்தில் அழைப்பை எழுதிவிட்டார். முகூர்த்தம், கோயில், பெரியோர் பெயர்கள் எல்லாம் முறைப்படி இருந்தன. கீழே பதில்களும் அப்படியே இருந்தன.

பதுளையிலிருந்த மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, பெண் வீட்டுச் சனம் நம்மை வேண்டாம் என்கிறதே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். விளக்கம் சொல்ல நானே பதுளைக்குப் போகவேண்டியதாயிற்று. ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலில் சப்பாத்தெல்லாம் சேறு. "பாதி வழியில பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தப்பதான் தம்பி வெளங்குச்சு, அவங்க எழுதினதுல ஒரு பொய்யும் இல்லன்னு" என்றார்.

பக்கத்துக் கடை நிசார் நானா

அதற்குப் பிறகு ஒரு விதி போட்டேன். எழுதி ஒரு மணி நேரம் வரை திருத்திக்கொள்ளலாம், அப்புறம் பூட்டு. அதற்கும் சண்டை. மனிதன் என்றால் மாறமாட்டானா, சொன்னதை மாற்ற விடு என்று ஒரு கட்சி. நீ மாற்றிவிட்டால் உனக்குப் பதில் சொன்ன நான் முட்டாளா என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் எனக்கு இரண்டு பக்கமும் ஏச்சு விழுந்தது.

ஒருநாள் கடையில் உட்கார்ந்து இந்தச் சண்டைக்குப் பதில் தட்டிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்துத் துணிக்கடை நிசார் நானா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாரோட தம்பி சிரிக்கிறீங்க? காலையில இருந்து இந்தக் கடைக்கு ஒருத்தரும் வரல்லையே" என்றார்.

முத்தையா அண்ணனின் பொய்

நானா சொன்னது பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. நாள் முழுக்க நூறு பேரோடு பேசுகிறேன், தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்க ஒருவர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சமயத்தில்தான் முத்தையா அண்ணன் கடைக்கு வந்தார். மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். மனைவி எப்போதோ தவறிவிட்டார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பராவில் அவர் மட்டும்தான்.

அவர் கதை களத்தில் எல்லோருக்கும் தெரியும். மகன் குமாருக்குக் கொழும்பில் அலுவலக வேலை. களத்தில் சேர்ந்தபோது அவன், "சொந்த ஊர் பண்டாரவளை டவுன். அப்பா அங்கே வியாபாரம் செய்கிறார்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். லயத்து விலாசத்தைச் சொன்னால் கூட வேலை செய்கிறவர்களின் பார்வை மாறிவிடும் என்று பயந்து நம்மில் பலர் செய்கிற காரியம்தான். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கீழே எழுதினார்: "நான் லயத்துல இருக்கேன். டவுன்ல கடை வச்சிருக்கிற அப்பனோட அவன் இருக்கட்டும். எனக்கு மகன் இல்ல." அப்புறம் முப்பது நாற்பது பேர் சேர்ந்து குமாரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அன்றோடு அவன் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

எழுதியதை மாற்றவேண்டும் என்று அண்ணன் கேட்டார். ஒரு மணி நேரம் என்பது விதி, இது வருடக் கணக்கு. புதிதாக ஒன்று எழுதுங்களேன் என்றேன். "புதுசா எழுதினாலும் பழசு முன்னாடி நிக்குமே. அவன் அதத் தாண்டித்தானே வரணும்" என்றார். பூட்டைத் திறந்துகொடுத்தேன். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "என் மகன் குமார் சொல்றது சரி. எனக்கு டவுன்லதான் கடை" என்று இருந்தது. இது பொய்யாச்சே அண்ணே என்றேன். "ஆமா. கடை இருக்குன்னு சொன்னா எனக்கு என்னா கொறஞ்சிரும்? அவன் மட்டும் ஒத்தையில பொய்யனா நிக்க வேணாம்" என்றார்.

பூட்டு இன்னொரு தடவை

பழைய பதிவைத் திருத்தினால் யாருக்கும் தகவல் போகாது. அது இருந்த இடத்திலேயே கிடக்கும். மாற்றியது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். மகன் பார்த்தானா என்று கேட்கமாட்டார். ரீலோட் போடச் சொல்வார், போனை ஒருதரம் எடுத்துப் பார்ப்பார், பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல், உங்கள் அறிமுகப் பதிவை ஒருதரம் பாருங்கள் என்று குமாருக்குத் தனிச் செய்தி அனுப்பினேன். ரொம்ப நாள் பதிலே இல்லை. எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. பிறகொரு காலையில், "அண்ணே, என்னோட பதிவையும் கொஞ்சம் திறந்து விடுறீங்களா?" என்று கேட்டிருந்தான். மறுபேச்சில்லாமல் திறந்துவிட்டேன். அவன் இப்படி மாற்றினான்: "சொந்த ஊர் மடுல்சீமை. லயத்தில் பிறந்தவன். அப்பா முத்தையா, தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். டவுனில் எங்களுக்குக் கடை எதுவும் இல்லை."

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்ததும், மேலே அவன் கடை இல்லை என்கிறான், கீழே நீங்கள் இருக்கிறது என்கிறீர்கள், உங்களுடையதை மறுபடி திறக்கட்டுமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "வேணாம் தம்பி. ஏம்ப்பா இந்த வயசுல பொய் சொல்றீங்கன்னு நேத்து போன் பண்ணி என்னைய ஏசுனான். இன்னுங் கொஞ்ச நாளைக்கு ஏசட்டும், அது அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

ஆக, அந்தப் பக்கத்தில் மகன் லயத்துக்காரன், அப்பா டவுன்காரர், அதற்குக் கீழே நாற்பது பேர் யாரை எதற்கு ஏசுகிறோம் என்று தெரியாமல் இன்றைக்கும் ஏசிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் யாராவது வந்து திறக்கச் சொல்லமாட்டார்களா என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.