திரையை மட்டும் அணைத்தவர்

வில்லாபுரத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் கால் வைத்ததும் அந்த உறுமல் காதில் விழும். மூலையில் கம்ப்யூட்டர் திரை இருண்டு கிடக்க, மேசைக்கடியில் பெட்டி மட்டும் பகலிலும் குறட்டை விட்டபடி ஓடிக்கொண்டிருக்கும். எனக்குக் கீழ்வீட்டு சாரின் நினைவு வந்துவிடும்.

பிராட்பேண்ட் புதிதாக வந்த வருடங்கள். அப்போது நானும் அக்கா வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தேன். அக்காவின் கணவர், என் மச்சான், டீக்கடையில் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து வடை சொல்கிற ஆள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வேறு பிறவி. ஆளுக்கு ஆள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் புரோகிராமில், தனக்கு வேண்டியது வந்து சேர்ந்த நொடியே மூடி வயரையும் பிடுங்கிவிடுவார். "மொகந்தெரியாதவன் நம்ம வீட்டுக்குள்ள கைய விட்டு எடுக்குறான் மாப்ள. பொம்பள இருக்குற வீடு!"

கீழ்வீட்டு சாரோ, கறிவேப்பிலை கேட்டால்கூட மரத்தை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் கிள்ளுவார். மச்சானின் சொந்த ஊரான திருவாதவூர்க்காரர்தான். ஒருநாள் மச்சான் மோட்டாரை அணைக்க மறந்து, தொட்டி வழிந்து, ஆபீசுக்குக் கிளம்பிய சாரின் இஸ்திரிச் சட்டை நனைந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

அந்த சாரிடம்தான் மச்சானின் மானம் மாட்டியிருந்தது. இளவயதில் ஊர்த் திருவிழா நாடகத்தில் பபூன் வேஷம் கட்டி ஊரையே சிரிக்க வைத்ததாக மச்சான் சொல்ல, அக்கா நம்பவேயில்லை. "உங்க பேச்சுக்கு வீட்டுப் பூனகூட எந்திரிச்சுப் போயிருது. நீங்க ஊரச் சிரிக்க வச்சீகளாக்கும்?" சார் அந்த நாடகத்தைக் கேசட்டில் பதிந்திருந்தார். அவருடைய தங்கை மகன் அதை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதே புரோகிராமில் ஊர்க்காரர்களுக்குப் பகிரவும் விட்டிருந்தான். இறங்கிப் போய்க் கேட்க மச்சானுக்கு ரோஷம். ஆகவே ஒரு மாடி ஏற வேண்டிய குரல், எங்கெங்கோ சுற்றித் துளித்துளியாக எங்கள் வீட்டுக்கு வந்தது.

தொண்ணூற்றேழு சதவீதம் வந்திருந்தபோது, சார் ஊருக்குக் கிளம்பி, கீழே வாசலில் மெயின் சுவிட்சில் கை வைத்தார். நாடகத்தை ஏற்கெனவே எடுத்திருந்த திருவாதவூர்க்காரர்கள் வேறு யாரும் அதைப் பகிரவில்லை. சிங்கப்பூரில் இருந்தவன் நெட் சென்டரில் எடுத்ததும் எழுந்து போயிருப்பான். துபாயில் இருந்தவனின் இணைப்பு நூல் மாதிரி மெலிசு. பிறருக்குக் கொடுத்தால் அவன் வீட்டோடு பேச முடியாது. மற்றவர்கள் மச்சானைப் போலவே வயரைப் பிடுங்கியிருப்பார்கள். சார் ஒருவர்தான் மிச்சம்.

மச்சான் பனியனோடு படியிறங்கி ஓடினார். "சார், மெயின அமத்தாதீக! கம்ப்யூட்டர் ஓடட்டும்."

"அத நான் தெனமும் அமத்திட்டுத்தானய்யா படுக்குறேன்?"

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சார் தினமும் அணைத்தது திரையை மட்டும். பெட்டி மாதக்கணக்காக, கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சொன்னதும் சார் வெளிறிப்போனார்.

"இம்புட்டு நாளா நானா குடுத்துக்கிட்டு இருந்தேன்?"

"ஒலகத்துக்கே சார்."

"நம்மகிட்ட ஏதும் கொறஞ்சுச்சா?"

"ஒண்ணும் கொறயாது சார்," என்றேன். சுவிட்சிலிருந்து கை இறங்கியது.

அவர் பஸ்ஸை விட்டுவிட்டு மாடிக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து கேட்டார். மச்சானின் வசனம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. அத்தனையையும் ஊரின் சிரிப்பு முழுங்கியிருந்தது. அதிலும் ஒரு சிரிப்பு, மைக்குக்குப் பக்கத்திலேயே, மூச்சு முட்ட முட்ட.

"யாருங்க அது, கழுத கனைக்கிற மாதிரி?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சார் தொண்டையைச் செருமினார். "நாந்தாம்மா."

பிறகு சில வருடங்கள் கழித்து, சார் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர், ஏதோ மறந்தவர்போல வெளியே தலையை நீட்டினார்.

"என் பெட்டியக் கழட்டியாச்சு. இனி யாருக்கும் வேணும்னா ஒங்ககிட்டத்தான் வரணும். அமத்திராதீக."

"தெரய மட்டுந்தான் சார் அமத்துவேன்," என்றார் மச்சான்.