ஹங்கேரியப் படத்தின் முதல் டிஸ்க்

வீடியோக் கடைக்குச் சனம் படம் எடுக்கத்தான் வருகிறது என்று நினைத்தால், நீங்கள் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாளும் நின்றதில்லை. நின்று கால் கடுத்தவர்கள் மட்டும் மேலே வாசியுங்கள். இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த வருடம், பல்கலைக்கழகம் முடித்து வேறு வேலை கிடைக்கும்வரை என்று, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீடியோக் கடையில் நின்றேன்.

மாறி வந்த பெட்டி

அந்த வசந்தத்தில் தமிழ்ப் படங்கள் தட்டிலேயே கிடந்தன. வன்னியில் குண்டு விழும்போது குத்துப்பாட்டுப் பார்ப்பதா என்று சனத்துக்குக் கூச்சம். அந்த நேரம் பார்த்து மொத்த வியாபாரி பெட்டியை மாற்றி அனுப்பிவிட்டார். உள்ளே முழுக்க ஒரே படம்: பழைய ஹங்கேரிய நாவல் ஒன்றைத் தழுவிய காதல் கதை, இரண்டு டிஸ்க், ஆங்கில சப்டைட்டில். அட்டையில் நீளப் பாவாடைக்காரி ஒருத்தி குதிரை வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதலாளி ரவி அண்ணை பெட்டியை என் பக்கம் தள்ளினார். "நீ படிச்ச பிள்ளை. ஒருக்காப் பாத்துப்போட்டு வாற சனத்துக்குக் கதையைச் சொல்லு. பாட்டில்லாத படம், இப்ப உதுதான் ஓடும்."

குடும்பத்தோடு பார்க்கலாமா

ஓடியது. எங்கள் ஆட்கள் படம் எடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்பார்கள்: முடிவு என்ன, குடும்பத்தோடு பார்க்கலாமா. இரண்டாவதற்குத்தான் எனக்கு முகம் சிவக்கும். ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் கேட்டபோது, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "குதிரை லாயம் வரேக்கை கொஞ்சம் எழும்பிப் போங்கோ அங்கிள்" என்றேன்.

அடுத்த நாள் பாவமாக வந்து நின்றார். "நீ சொன்ன மாதிரித் தேத்தண்ணி போடப் போனனான் பிள்ளை. வந்து பாக்க படத்திலை அவை ரெண்டு பேரும் கோவிச்சுக்கொண்டு நிக்கினம். அதுக்குள்ளை என்ன நடந்தது? மனுசி இருந்து பாத்தவள், கேட்டாச் சொல்லுறாளில்லை."

விளங்காத பாஷை

வீட்டில் எல்லா அறையிலும் செய்தி ஓடுகிறது என்று சொல்லி ஒரு அன்ரி படத்தை எடுத்துப் போனார். திருப்பித் தரும் நாளில் வெறுங்கையோடு வந்தார்.

"ஒரு சொல்லும் விளங்கேல்லை பிள்ளை. எத்தினையோ நாளைக்குப் பிறகு நல்ல நித்திரை வந்தது. இன்னும் ஒரு கிழமைக்கு வைச்சிருக்கட்டோ?"

ஒன்று போதும்

கடைக்கு வழக்கமாக வரும் மாலா அக்காவுக்கு கேக் ஃபக்டரியில் வேலை. கல்யாணம் பேசி முடித்த மாப்பிள்ளை வன்னிக்குள்; மாதக்கணக்காகத் தகவல் இல்லை. படத்தின் முதல் டிஸ்க் முடியும்போது காதலன் போருக்குப் போவான். திரும்பி வருகிறானா என்பது இரண்டாவதில். அக்கா முதலாவதை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்பது ரவி அண்ணையின் சட்டம். நான் மற்றதையும் மெல்ல நீட்டினேன்.

"அதை நீயே வைச்சிரு தங்கச்சி. முடிவையும் சொல்லிப்போடாதை. அவன் வண்டியிலை ஏறிப் போறான், கை காட்டுறான். எனக்கு இப்ப அவ்வளவும் காணும்."

முடிந்த பிறகு

மே மாதத்தில் யுத்தம் முடிந்தது என்றார்கள். மாலா அக்கா சில வாரங்கள் வரவில்லை. போன் எடுத்துக் கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை.

பிறகு ஒரு கொதிக்கும் மத்தியானம், ஃபக்டரித் தொப்பியோடு வந்து டிஸ்கைக் கவுண்டரில் வைத்தார். நான் முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்றார். முகாமில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே. எப்போது விடுவார்கள் என்று தெரியாது. யாருடையதோ போனில் கொஞ்ச நேரம் பேசினாராம். என்ன கதைத்தவர் என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை தங்கச்சி. அங்கை இப்பவும் குளிரோ எண்டு கேட்டார். எனக்கு வேர்த்து வழியுது, ஆனா ஓம், நல்ல குளிர் எண்டு சொன்னன். வேறை என்ன கதைக்கிறதெண்டு ரெண்டு பேருக்கும் தெரியேல்லை."

கேட்டவர்களுக்கெல்லாம் படத்தின் முடிவை மனப்பாடமாக ஒப்பித்த எனக்கு, அன்று டிஸ்கைத் திருப்பிப் பார்த்து, "டிஸ்கிலை கீறல் ஒண்டுமில்லை அக்கா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வரவில்லை.