சம்பந்தி கடைப் பருப்பு

எங்கள் வரிசையின் கோடிவீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் மருத்துவமனைத் தாதி, தினமும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள், சென்ற வாரம் வேலியோரம் நின்று என்னிடம் கேட்டாள்: "அக்கா, பெர்மாஸ்ல சாமான் வாங்க எந்தக் கடை நல்லாருக்கும்? ஒரே கடையா சொல்லுங்க. அலைய டைம் இல்ல லா."

ஒரே கடை என்று ஒன்று இருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன். பொறுமையாக விளக்கினேன். கீரைக்கும் காய்க்கும் காலைச் சந்தை. வெயில் ஏறிய பிறகு போனால் வாடியதைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். பருப்புக்கும் மிளகாய்க்கும் முனையிலிருக்கும் தமிழர் கடை. விலை சற்றுக் கூடுதல், சரக்கு புதிது. நெத்திலிக்கும் முட்டைக்கும் சீனர் கடை. எண்ணெய், பால்மாவு, சோப்புக்குப் பேரங்காடி, அதுவும் வாரநாளில் மட்டும். சனி ஞாயிறில் சிங்கப்பூர் வண்டிகள் வந்து நின்றுவிட்டால் மதியத்துக்குள் அடுக்குகள் பல் விழுந்த வாய்போல் ஆகிவிடும். சொல்லிக்கொண்டே போன என்னை அவள் சிரித்து நிறுத்தினாள். "என்னக்கா, பிளாஸ்டிக் பைய கறிபாப் மாதிரி மடிச்சு வெச்சிருக்கீங்க?"

கையைப் பார்த்தேன். பேச்சினூடே விரல்கள் தம் போக்கில் ஒரு பையைக் கறிபாப் பலகாரம்போல் முக்கோணமாக மடித்து, முனையையும் உள்ளே செருகி முடித்திருந்தன. அது என் அம்மாவின் மடிப்பு. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பாதியை விட்டுவிட்டேன் என்று அப்போது தோன்றியது. விட்ட பாதியை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு அலைய நேரம் இருக்கிறது என்று நானாகவே நம்பிக்கொள்கிறேன்.

நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்திலும் நாங்கள் பெர்மாஸ் ஜெயாவில்தான் இருந்தோம், வேறொரு தாமான் குடியிருப்பில். அப்பாவுக்குப் பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் வேலை. "ஊருக்கே எண்ணெ காய்ச்சுறவரு வீட்டுல எண்ணெ இல்ல" என்பது அம்மா மாதக் கடைசியில் தவறாமல் சொல்லும் வாக்கியம். அம்மா கோத்தா திங்கிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஒரே கடை. இருப்பதை வாங்கலாம், அல்லது வாங்காமல் இருக்கலாம். நகருக்கு வந்து நடக்கும் தொலைவிலும் பேருந்துத் தொலைவிலுமாக மூன்று கடைகள் வாய்த்தபோது, அதை அவர் தமக்குத் தாமதமாகக் கிடைத்த கல்வியாகவே எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெருமுனையில் முத்தையா மாமாவின் மளிகைக் கடை. நுழைந்ததும் முதலில் பெருங்காயம், பிறகு சூடம், எல்லாவற்றுக்கும் அடியில் சாக்கின் வாசனை. அடுத்த வரிசையில் ஒரு சீன முதலாளியின் கடை; எல்லோருக்கும் அவர் தவுக்கே. கருவாடும் ஊதுவத்தியும் அப்போதுதான் துருவிய தேங்காயின் ஈரமும் கலந்திருக்கும். பெரிய சாலைக்கு அப்பால் புதிதாகத் திறந்திருந்த பேரங்காடியில் குளிர் மட்டுமே. அம்மா மிளகாயை முறித்து ஓசையைக் கேட்பார். புளியைப் பிளந்து கொட்டையைப் பார்ப்பார். நெத்திலியில் ஒன்றை நாக்கில் வைத்துக்கொண்டு, உப்புக் கரையும்வரை தவுக்கேயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் ஒப்பாய்வு என்ற பெயரில் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். அதில் எனக்குச் சுமாரான மதிப்பெண்தான். நான் எதையும் முறித்துப் பார்க்காதது காரணமாக இருக்கலாம்.

கடைகளை ஒப்பிடுவதில் யாருக்கும் தடையில்லை. அது முத்தையா மாமாவின் கண்ணில் படக்கூடாது, அவ்வளவே. பேருந்து நிறுத்தம் அவர் கடைக்கு நேர் எதிரில் இருந்தது. பேரங்காடியின் மஞ்சள் பையோடு இறங்குகிறவர்களை அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கல்லாவில் இருந்தபடியே, "என்னம்மா, நல்லாருக்கீங்களா?" என்று வழக்கத்தைவிட மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதையைத் தாங்கமுடியாமல் எங்கள் தெருப் பெண்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாமா கடையின் இளஞ்சிவப்புப் பைகளை மடித்துக் கைப்பையில் வைத்திருப்பது. பேரங்காடி வாசலிலேயே சாமான்களை அவற்றுக்கு மாற்றிக்கொள்வது. பிறகு தலைநிமிர்ந்து பேருந்தில் ஏறுவது.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. மாமாவின் மனைவி செல்லம்மா அத்தை, செடெனாக்கிலிருக்கும் தம் அண்ணன் மகன் தியாகுவை என் அக்கா மலருக்குப் பேசினார். தியாகு கூலாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை கடைக்கு வந்து மாமாவோடு நின்று வியாபாரம் பார்ப்பார். பிள்ளையில்லாத மாமா, கல்யாணம் முடிந்ததும் தியாகு வேலையை விட்டுவிட்டுக் கடையை ஏற்றுக்கொள்வார் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை. சிங்கப்பூர்த் தொழிற்சாலையிலிருந்து திரும்பியதும் சாப்பிடாமல்கூடத் தூங்கிப்போகிறவள், ஒருநாள் உட்கார்ந்து, செடெனாக்குக்கு எத்தனை பஸ் மாறவேண்டும் என்று அப்பாவிடம் விசாரித்தாள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பரிசம் போடும்வரை வேறு கடையில் கால் வைப்பதில்லை என்று அம்மா தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் மாமா கடைச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மிளகாய் முறிக்கும்போது ஓசை தரவில்லை. பால்மாவு டின்களின் பக்கவாட்டில் சதுரமாக ஒரு பசை. தொட்டால் விரல் ஒட்டும்.

"சரோஜா, பருப்புல வண்டு மிதக்குது" என்றார் அப்பா ஒருநாள்.

"சம்பந்தி கடை வண்டு. பேசாம சாப்பிடுங்க."

"அம்மா, கல்யாணம் எனக்கா, நம்ம அடுப்புக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"உனக்குத்தான்டி. அடுப்பு விரதம் இருக்கு."

தீபாவளி நெருங்கியபோது அந்த விரதம் முறிந்தது. அவ்வாண்டு எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மாமா கடையில் இல்லை, தவுக்கேயிடமும் இல்லை. பேரங்காடியில் மட்டும் ஆளுக்கு இரண்டு புட்டி என்ற கட்டுப்பாட்டோடு விற்றார்கள். முறுக்கில்லாத தீபாவளியைவிடக் குற்ற உணர்வோடு கூடிய தீபாவளி மேல் என்று அம்மா முடிவு செய்திருக்க வேண்டும். விடுமுறையில் இருந்த என்னை இரண்டாவது ஆளாக அழைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பேருந்து ஏறினார்.

எண்ணெய் அடுக்கின் முன்னால் ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். பஞ்சாபி உடை, தலையைச் சுற்றி ஒரு துப்பட்டா, குளிரூட்டிய கட்டடத்துக்குள் கறுப்புக் கண்ணாடி. திரும்பினார். சேலையைத் தவிர வேறெதிலும் நாங்கள் பார்த்திராத செல்லம்மா அத்தை.

"என்ன சரோஜா, இந்தப் பக்கம்?"

"இல்லக்கா... பிள்ளைக்கு ஸ்கூல் நோட்டு வாங்கலாம்னு."

"நோட்ட எண்ணெ பக்கத்துலயா வெச்சிருக்கான்?"

 சம்பந்தம் அந்த அடுக்கின் முன்னாலேயே முடிந்துவிட்டது என்றுதான் அம்மா நினைத்திருப்பார். பிறகு அவர் பார்வை மெல்ல அத்தையின் தள்ளுவண்டிக்கு இறங்கியது. எண்ணெய்ப் புட்டிகளுக்கு அடியில் பால்மாவு டின்கள், மாவுப் பொட்டலங்கள், சோப்புக் கட்டுகள். ஒரு வீட்டுக்கான சாமான் அல்ல அது. அத்தை கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆளுக்கு ரெண்டுதான் தர்றான். ஏற்கெனவே ஒரு தடவ வரிசையில போய்ட்டு வந்துட்டேன். அந்தக் கவுண்டர் பொண்ணு மூஞ்சியப் பழகிக்கிட்டா. நீயும் பிள்ளையும் எனக்கு எடுத்துக் குடுங்க."

எங்கள் முறுக்குக்கான எண்ணெயும் அவர்கள் கடைக்கான எண்ணெயும் ஒரே வரிசையில் நகர்ந்தன. வெளியே நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கைப்பையைத் திறந்தார்கள். இருவர் கையிலும் முக்கோணமாக மடித்த இளஞ்சிவப்புப் பை. அத்தைதான் முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"மொத்தக்காரன் குடுக்குற வெலையவிட இங்க சில்லறை வெலையே மூரா, ரொம்ப மலிவு" என்றார் அத்தை, எண்ணெயை மாற்றிக்கொண்டே. "இவன் வெல ஸ்டிக்கர உரிச்சு நம்ம தட்டுல வெக்கிறது நான்தான். அவரு பாக்காத மாதிரியே இருப்பாரு. பருப்பு போன வருஷத்துது. புதுசா எடுக்க முடியல."

"தியாகு தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சாலும் வருவான். சின்னதுலேர்ந்து அந்தக் கடைமேல ஆசை."

"வேலைய விட்டுட்டா?"

அத்தை பையின் வாயை முடிச்சுப் போட்டார். அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அக்கா, என் பொண்ணுக்கு அந்தத் தம்பியப் பிடிச்சிருக்கு. அத நான் கெடுக்கமாட்டேன். ஆனா வேலைய விட்டாருன்னா, நாளைக்கு அவளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு இங்க வந்து நிக்கணும். அத என்னால பாக்க முடியாது. அவரு வேலையில இருந்தா பரிசம். இல்லன்னா வேணாம்."

"நான் பேசுறேன். பரிசத்துக்கு முன்னாலயே பேசிடுறேன்."

தீபாவளி போயிற்று. பரிச நாள் குறித்தாயிற்று. அத்தையிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அம்மா வழக்கம்போல் மாமா கடைக்குப் போய், அதே பருப்பை வாங்கி, அத்தையின் முகத்தில் எதையோ தேடிவிட்டுத் திரும்புவார். அப்பாவிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். அக்காவிடமோ, புதுச்சேலைக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவளிடம் எப்படிச் சொல்வது? நான் அறிந்தவரை, அந்த நாட்களில் அம்மா எந்தக் கடையின் மிளகாயையும் முறித்துப் பார்க்கவில்லை.

பரிசத்தன்று செடெனாக்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தட்டு மாற்றுவதற்குச் சற்று முன்பு மாமா, நல்ல சந்தோஷத்தில், தியாகுவின் தோளில் கை போட்டுச் சபைக்குச் சொன்னார்: "கல்யாணம் முடிஞ்ச கையோட தம்பி நம்ம கடைக்கு வந்துருவான். இனிமே இவன்தான் தவுக்கே."

தட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கைகள் நின்றுவிட்டன. அக்கா உள்ளறை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்திருக்க ஒரு கையை ஊன்றியதை நான் கண்டேன்.

"வரமாட்டான்" என்றார் செல்லம்மா அத்தை.

மாமா திரும்பினார். "என்ன சொல்றே?"

"அவன் இருக்குற வேலையிலேயே இருக்கட்டும். கடைக்கு அவன் வேணாம்."

அத்தையின் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன செல்லம்மா, என் மவனுக்கு உன் கடையில இடமில்லையா?"

கடையின் நிலையைச் சொல்லியிருந்தால் அத்தை தப்பித்திருக்கலாம். கணவரை ஒருமுறை பார்த்தார். "ஆமாண்ணே. இடமில்ல."

 தியாகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மனைவியை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பதை நான் இன்றுவரை அறியேன். பிறகு சபையை நோக்கி, "பாத்தீங்களா? தவுக்கே யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றார். யாரோ சிரித்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா ஊன்றிய கையை எடுத்துவிட்டுத் தட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

அத்தையின் அண்ணன் அதன்பிறகு தங்கை வீட்டுப் படி ஏறவில்லை. சொந்த மருமகனுக்கு இடம் தராதவள் என்ற பெயர் செல்லம்மா அத்தைக்குக் கடைசிவரை நிலைத்துவிட்டது. அதை அவர் மறுத்ததாக நான் கேள்விப்படவில்லை. அடுத்த தீபாவளிக்குள் கடை மூடப்பட்டது. அவர்கள் கோத்தா திங்கிக்குக் குடிபோனார்கள். இருவரும் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. கடை இருந்த இடத்தில் சிலகாலம் கைப்பேசி விற்றார்கள். இப்போது காசு போட்டால் துணி துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாகச் சுழல்கின்றன, கல்லாவில் உட்கார ஓர் ஆள்கூட வேண்டியதில்லை. அவர்களை முடித்த பேரங்காடியும் இருமுறை பெயர் மாறி, பிறகு ஒருநாள் விளக்கை அணைத்துக்கொண்டது.

அத்தை அன்று ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அம்மா அக்காவிடம் சொல்லியிருந்தார். மாமா இறந்து பல காலம் கழித்து அக்கா அதைத் தியாகு அத்தானிடம் சொன்னாளாம். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். தெரிஞ்சுதான் வர்றேன்னு சொன்னேன்" என்றாராம்.

போன மாதம் அவர்கள் இருவரோடும் இப்போதுள்ள பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். அக்கா கைப்பேசியில் இன்னொரு கடையின் விலையைத் தேடிக்கொண்டிருந்தாள். அத்தான் எங்களைவிட்டுப் பின்தங்கி, டின்கள் இருந்த அடுக்கின் முன்னால் நின்றார். பணிஓய்வுக்கு நெருங்கிய மனிதர். யாரோ எடுத்துப் பார்த்துக் கோணலாக வைத்துப்போன டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பெயர் முன்னால் தெரியும்படி நிறுத்தி, பின்வரிசையிலிருந்து இரண்டை முன்னுக்கு இழுத்து இடைவெளியை நிரப்பினார். சீருடை அணிந்த ஊழியப்பெண் ஒருத்தி வந்து, என்ன வேண்டும் என்று மலாயில் பணிவாகக் கேட்டாள்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார்.